நேரம் தப்பி வந்த தேத்தண்ணி

முருங்கனில் ஏறிய பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது. ஆனால் அதில் நிம்மதியாக உட்கார விடவில்லை.

"தங்கச்சி, பஸ் திரும்பினதும் அந்தப் பக்கம் வெயில் அடிக்கும். எழும்பி இங்கால வாங்கோ."

சொன்னவர் கறுப்பு அபாயா அணிந்த, நாற்பதைத் தாண்டிய பெண். நான் எழுவதற்குள் என் தோள்பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு நடத்துனரிடம் திரும்பினார். "தம்பி, அந்தப் பெட்டியை டயருக்கு மேல வைக்காத, குலுங்கும். உடைஞ்சா நீயோ இந்தியாவுக்குப் போய் வாங்கிக்கொண்டு வரப்போறாய்?"

பெட்டிக்குள் நான் கோயம்புத்தூரிலிருந்து கொண்டுவந்த அலாரப் பலகை இருந்தது. அது குலுங்கக் கூடாதுதான். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இந்தியா என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "டிக்கெட் கேட்டு நீங்கள் வாய் திறந்தவுடன தெரியும்" என்றார்.

"றிசானா அக்கா ஏறிட்டா. இனி நான் சும்மா ஸ்டேரிங்கைப் பிடிச்சுக்கொண்டு இருந்தாச் சரி" என்று ஓட்டுநர் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். பஸ்ஸே சிரித்தது.

"நீ அதையாவது ஒழுங்காப் பிடி" என்றார் அவர்.

மன்னார்த் தீவுக்குப் போகும் பாலத்துக்குச் சற்று முன்னால் கழுதைகள் சாலையை மறித்து நின்றன. மன்னாரில் அவை மாடுகளைப்போலத் தெருவில் திரிகின்றன. ஹாரன் அடித்தும் நகரவில்லை. எங்கள் ஊராக இருந்தால் ஓட்டுநர் இறங்கட்டும், நடத்துனர் இறங்கட்டும் என்று எல்லோரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்போம். இங்கே யாரும் யாரிடமும் சொல்லாமல் பாதிப் பஸ் கீழே இறங்கிவிட்டது. ஒருவர் துண்டை வீசினார். ஒரு கல்லூரிப் பெண் பாலத்தின் பக்கம் போய் எதிரே வந்த லாரியை நிறுத்தினாள். றிசானா அக்கா ஒரு கழுதையின் காதுக்குள் ஏதோ சொன்னார். அது நடந்தது. மற்றவையும் பின்னாலேயே போயின.

தீவுக்குள் நுழைவதற்குள் யாரோ என் விடுதிக்குப் போன் செய்து நான் வருவதைச் சொல்லிவிட்டார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியபோது ஓர் ஆட்டோ காத்திருந்தது. நான் கூப்பிட்ட ஆட்டோ அல்ல. கேட்காமலே இத்தனை காரியம் செய்யும் மனிதர்களை நான் பார்த்ததில்லை. எனக்குச் சிறிது பயமாகவும் இருந்தது.

அன்று இரவு விடுதியில் புட்டும் நண்டுக் கறியும். புட்டின் மேல் சொதி ஊற்றினார்கள். மஞ்சள் தூக்கலான தேங்காய்ப்பால் குழம்பு அது. வேண்டாம் என்று சொல்லுமுன்பே ஊற்றிவிட்டார்கள். ஊற்றியபிறகு வேண்டும் என்று தோன்றியது.

நான் வந்த வேலை பேசாலைப் பக்கத்தில், நண்டைச் சுத்தம் செய்து உறைய வைத்து அனுப்பும் ஓர் ஆலையில். ஊரில் அதை 'நண்டுக் கொம்பனி' என்கிறார்கள். அங்கே குளிரறைக்கு அமோனியா கம்ப்ரசர் ஒன்று ஓடுகிறது. அதில் அழுத்தம் ஏறினால் சைரன் ஊதும் பலகையை நான் பொருத்த வேண்டும்.

மனேச்சர் நிரோசன் முப்பதைத் தாண்டியவர், கொழும்பில் படித்தவர். முதலாளி அவருடைய மாமா, கனடாவில் இருக்கிறார். மறுநாள் காலை தன் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், எனக்கு நாற்காலி போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"மிஸ், இன்னொரு உதவியும் வேணும். இஞ்ச ஒருத்தரும் தானா ஒண்டும் செய்ய மாட்டினம். கூட்டம் வைச்சுக் கேட்டாலும் வாய் திறக்க மாட்டினம். நீங்கள் வெளி ஆள். ஏன் எண்டு பார்த்துச் சொல்லுங்கோ."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "இந்தப் பலகை பூட்டின பிறகு மெசினடியில சூசை அண்ணை தேவையோ எண்டு மாமா கேக்கிறார். உங்கட ரிப்போட்டில அதையும் எழுதுங்கோ. நீங்கள் எழுதுறதைத்தான் அவர் நம்புவார்."

ஒரு மனிதரின் வேலை என் அறிக்கையில் தொங்குகிறது என்பது எனக்கு அப்போதே புரிந்தது. அதனால் கவனமாகவே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். கவனமாக இருப்பதென்றால் எனக்குப் பட்டியல் போடுவது.

அன்று காலை நிரோசன் எல்லோரையும் கூட்டி என்னை அறிமுகம் செய்தார். நண்டு மேசையின் பெண்கள் வெள்ளைத் தொப்பியுடன் வரிசையாக நின்றார்கள். வேலையில் என்ன சிக்கல், என்ன மாற்றலாம், யார் வேண்டுமானாலும் சொல்லலாம் என்றேன். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அந்த வரிசையின் தலைவி நிமிர்ந்தபோது அடையாளம் தெரிந்தது. றிசானா அக்கா!

"நீங்க சொல்லுங்கக்கா" என்றேன், தெரிந்த முகம் கிடைத்த மகிழ்ச்சியில்.

"ஒண்டுமில்ல மிஸ். எல்லாம் நல்லாத்தான் போகுது" என்று திரும்பவும் தரையைப் பார்த்தார்.

கூட்டம் கலைந்ததும் பின்னாலேயே போனேன். "நேத்து பஸ்ஸையே ஓட்டினீங்களேக்கா!"

"அது பஸ்."

"இது?"

"இது கொம்பனி" என்றார், இதில் விளங்காததற்கு என்ன இருக்கிறது என்பதுபோல.

எங்கள் தொழிற்சாலையில் நல்ல யோசனை சொன்னவரின் படத்தைச் சுவரில் மாட்டுவார்கள். படத்துக்காகவே யோசனை சொல்கிறவர்கள் உண்டு. இங்கே சுவரில் மாதாவின் படமும், தொழுகை நேரங்களும், கைகழுவும் விதமும்தான் இருந்தன.

சூசை அண்ணை மெசினடியில் இருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். சட்டைப்பையில் துணி, கழுத்தில் சிறிய சிலுவை. வணக்கம் சொன்னேன். அவர் திரும்பவில்லை. முன்னால் போய் நின்றதும் முகமெல்லாம் சிரிப்பாக, "வாங்கோ பிள்ளை, வாங்கோ" என்றார். கம்ப்ரசர் சத்தத்தில் பேசுவது சிரமம். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் 'ஓம்' என்றார்.

பலகையைச் சுவரில் பொருத்தி, மதியம் சைரனைச் சோதித்தேன். முன்னறிவிப்பு இல்லாமல் அழுத்தினேன், அதுதான் முறை. நண்டு மேசையில் ஒரு தட்டு விழுந்தது. நிரோசன் கந்தோரிலிருந்து ஓடிவந்தார். வெளியே பூனை மதில் தாண்டியது. சூசை அண்ணை மட்டும் எனக்கு முதுகைக் காட்டியபடி ஒரு போல்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். 'அனுபவசாலி, எளிதில் பதறாதவர்' என்று அவரைப் பற்றி எழுதிவைத்தேன்.

அடுத்த நாளும் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் பட்டியலில் ஒரே ஒரு உருப்படியான விஷயம் சேர்ந்தது: தேநீர். இடைவேளைகளில் எல்லோருக்கும் ஒரு பெரிய கேத்தலில் பால் தேத்தண்ணி வந்தது. அதைத் தவிர, நேரம் காலம் இல்லாமல் நண்டு மேசையிலிருந்து ஒரு பெண் எழுந்து போவாள். பால் ஊற்றாத பிளேன்ரீ ஒரு கோப்பையும் ஒரு துண்டுப் பனங்கட்டியுமாகத் திரும்பி வந்து சூசை அண்ணையிடம் கொடுப்பாள். ஒருமுறை றிசானா அக்கா, ஒருமுறை வேறொருத்தி. அவர் வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையுடன் எழுந்து பின்பக்கம் போய்விடுவார். மெசினை விட்டுவிட்டு!

மத்தியானச் சாப்பாட்டின்போது நிரோசனிடம் சொன்னேன். "சார், டீ நேரம் இங்க ஒழுங்கா இல்லைங்க. கண்ட நேரத்துல ஒருத்தர் எந்திரிச்சுப் போறாங்க. அவரும் மெசினை விட்டுட்டுப் போயிடறாரு."

நிரோசனுக்கு ஏதாவது ஒன்று செய்தாக வேண்டியிருந்தது. அன்று மாலையே அறிவித்துவிட்டார். நாளையிலிருந்து இடைவேளை தவிர தேத்தண்ணி இல்லை, அவரவர் அவரவர் இடத்தில் நிற்க வேண்டும். றிசானா அக்கா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. பஸ்ஸில் வெயில் பக்கம் உட்கார்ந்திருந்தபோது பார்த்தாரே, அதே பார்வை.

எனக்கோ முதல்முறையாக இங்கே ஒரு வேலை செய்த திருப்தி. மாலையில் கடலோரம் நடந்தேன். காற்றாலைகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அதைத் தவிர எங்கும் அவசரம் இல்லை.

மறுநாள் காலை குளிரறை நிறைய நண்டு. மதியம் லாரி கொழும்புக்குப் புறப்பட வேண்டும். நான் கந்தோரில் வயரிங் படத்தைத் திருத்திக்கொண்டிருந்தபோது சைரன் ஊதியது. நான் அழுத்தவில்லை.

ஓடினேன். நண்டு மேசையைக் கடக்கும்போது பார்த்தேன். எல்லோரும் கையில் நண்டுடன் அப்படியே நின்றார்கள். ஒருவரும் நகரவில்லை. மெசினடியில் சூசை அண்ணை கீழே குனிந்து, சைரன் தலைக்குமேல் அலறிக்கொண்டிருக்க, நிதானமாக ஒரு பெல்ட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோளைத் தொடுவதற்குள் பாதுகாப்பு ஸ்விட்ச் கம்ப்ரசரை நிறுத்திவிட்டது. மெசின் நின்று அதிர்வு இல்லாமல் போனதும்தான் அவர் நிமிர்ந்தார்.

அந்த முகத்தைப் பார்த்ததும், இரண்டு நாட்களாக நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கே விளங்கவில்லை.

நிரோசன் வந்தார். "இவ்வளவு பேர் நிண்டீங்கள். ஒருத்தருக்கும் வந்து சொல்லத் தெரியேல்லையோ? சாமான் பழுதாப்போனா ஆர் மாமாவுக்குப் பதில் சொல்றது?"

தரையைப் பார்த்தார்கள்.

அப்போது றிசானா அக்கா கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தார். நேராகச் சமையல் பக்கம் போனார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு கோப்பை பிளேன்ரீயுடன் திரும்பி வந்தார்.

"இப்பவோ தேத்தண்ணி?" நிரோசனின் குரல் உடைந்தது. "றிசானா அக்கா, உங்களுக்கென்ன விசரே?"

றிசானா அக்கா கோப்பையைச் சூசை அண்ணையின் கையில் கொடுத்தார். பனங்கட்டி வைக்க மறந்திருந்தார். சூசை அண்ணை ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. கோப்பையோடு பின்பக்கம் தண்ணீர்ப் பம்படிக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். பம்பின் வலைக்குள் பாசி அடைத்திருந்தது. கையால் வாரி எறிந்தார். தண்ணீர் பாய்ந்தது. சிறிது நேரத்தில் கம்ப்ரசர் மறுபடி ஓடியது.

லாரி தாமதமாகப் புறப்பட்டது, ஆனால் முழுச் சரக்குடன். அது போனபிறகு, மிஞ்சிய பாண் ரொட்டியையும் சம்பலையும் சாப்பிட்டுக்கொண்டிருந்த றிசானா அக்காவின் அருகில் போய் உட்கார்ந்தேன்.

"எனக்கு ஒண்ணுமே புரியலக்கா."

"கை கழுவுற பைப்பைப் பாத்தீங்களோ? அதுவும் மெசினைக் குளிராக்கிற தண்ணியும் ஒரே தாங்கியாலதான் வருது. எங்களுக்குத் தண்ணி மெலிஞ்சா, மெசினுக்கும் மெலிஞ்சு அது சூடேறப்போகுது எண்டு அர்த்தம். முந்தி அவர் சத்தத்திலயே பிடிச்சிடுவார். இப்ப..." அவர் காதைத் தொடவில்லை, கை பாதிவழி போய் இறங்கியது. "இப்ப நாங்கள் தேத்தண்ணி கொண்டு போறம்."

"போய்ச் சொல்லலாமேக்கா. பம்பைப் பாருங்கன்னு ஒரு வார்த்தை."

"ஆரிட்ட? அவரிட்டச் சொன்னா, உமக்குக் காது கேக்கேல்லை எண்டு சொன்ன மாதிரி. மனேச்சரிட்டச் சொன்னா, அவரை வீட்டை அனுப்புங்கோ எண்டு சொன்ன மாதிரி. பஸ்ஸில நான் ஆரை ஏசினாலும் அவர் இறங்கிப் போயிடுவார். இஞ்ச நான் ஒண்டைச் சொன்னா அது ஆருக்கோ பட்டிடும். அந்த ஆளின்ர முகத்தைத்தான் நாளைக்கும் பாக்கோணும்." ஒரு வாய் மென்றார். "சண்டையில இடம்பெயர்ந்து போன புத்தளத்தால நாங்கள் திரும்பி வந்த புதிசு. வேலை கேட்டு வந்த எங்களை வாசலில நிக்க விடாமல் உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு வந்தது அவர்தான்."

"அவருக்கு இது தெரியுமா? டீ எதுக்கு வருதுன்னு?"

"ஆர் கேட்டது?" என்றார் றிசானா அக்கா.

நிரோசன் என்னிடம் கேட்டது, இவர்கள் ஏன் தாமாக எதையும் செய்வதில்லை என்று. நாள் முழுக்க இவர்கள் தாமாகச் செய்துகொண்டிருந்ததைத்தான் நான் நிறுத்தச் சொல்லியிருந்தேன். அதே சமயம் இது சரியான ஏற்பாடும் அல்ல. மேசையில் ஆள் இல்லாத ஒரு பெருநாளில் குழாய் மெலிந்தால் யார் பார்ப்பார்கள்? அமோனியா யாருடைய மனம் நோகுமென்றும் பார்க்காது. இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்தேன். கூட்டிக் கழிக்க முடியவில்லை.

மாலையில் நிரோசன் மறுபடி எல்லோரையும் கூட்டினார். சூசை அண்ணை பின்வரிசையில் நின்றார். நிரோசன் என்னிடம் திரும்பினார்.

"மிஸ், சைரன் அவ்வளவு நேரம் ஊதினது. பக்கத்தில நிண்டவர் அசையேல்லை. நீங்கள் பாத்தனீங்கள்தானே? அவருக்குக் கேக்கேல்லையோ?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், தரையை அல்ல. அறிக்கை எழுத வேண்டிய கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். பொய் சொல்ல எனக்கு வராது. அமோனியா இருக்கும் இடத்தில் பொய் சொல்லவும் கூடாது.

"சார், கம்ப்ரசர் ரூமுக்குச் சைரன் மட்டும் வச்சது என்னோட தப்புங்க. அந்தச் சத்தத்துல காதை நம்பக் கூடாது. சுழல் விளக்கு வைக்கணும். ரூமுக்குள்ள ரெண்டு, பம்புகிட்ட ஒண்ணு. அதைப் பார்த்துட்டு ஓடி வர ஒரு ஆள் எப்பவும் வேணும், அதையும் ரிப்போர்ட்ல எழுதறேன்."

"எனக்குக் கந்தோருக்குள்ளயே கேட்டதே!"

பிறகு றிசானா அக்காவின் குரல் கேட்டது. "எங்களுக்குக் கேக்கேல்ல சேர்."

நிரோசன் அவரைப் பார்த்தார். "என்ன?"

"எனக்கும் கேக்கேல்ல சேர்" என்றாள் அடுத்து நின்ற பெண்.

"எனக்கும் சரியா விளங்கேல்ல."

"ஏதோ பள்ளியில பாங்கு எண்டு நினைச்சன்."

"நான் லாரி ஹோன் எண்டு."

வரிசையின் கடைசிவரை போயிற்று. யாரும் கேட்காமல், கைதூக்காமல், ஒவ்வொருவராகச் செவிடானார்கள். அந்த ஆலையில் ஊழியர்கள் தாமாக வாய் திறந்த முதல் கூட்டம் அதுதான் என்று நினைக்கிறேன். சூசை அண்ணை எல்லோர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிரோசன் நெற்றியைத் தேய்த்தார். எதையோ கண்டுகொண்டவர்போலவும், கண்டுகொள்ளாமல் இருப்பதே நல்லது என்று நினைத்தவர்போலவும் இருந்தார்.

"அப்ப இந்தக் கொம்பனியில காது உள்ளவன் நான் ஒருத்தன்தான்" என்றார். பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். "சரி மிஸ். லைற் போடுங்கோ. மாமாவுக்கு நான் சொல்றன்." வாசல்வரை போய்த் திரும்பினார். "தேத்தண்ணி முந்தின மாதிரியே இருக்கட்டும்."

சுழல் விளக்குக்கு மன்னார் டவுனில் கடைகடையாக ஏறினேன். கடைசியில், கோயில் திருவிழாக்களுக்கு லைட் கட்டும் ஒருவரிடம் கிடைத்தது. எதற்கு என்று கேட்டார். சொன்னேன். கேட்காமலே ஏணியைத் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு கூடவே வந்துவிட்டார்.

கடைசி நாள் விளக்குகளைச் சோதித்தேன். ஒவ்வொரு சோதனைக்கும் கம்ப்ரசர் நின்றுபோகாமல் இருக்க, பாதுகாப்பு ஸ்விட்சைத் தாண்டி ஒரு சிவப்பு வயரைத் தற்காலிகமாகப் போட்டிருந்தேன். விளக்கு சுழன்றது. சூசை அண்ணையின் தலை உடனே நிமிர்ந்தது. நண்டு மேசையில் யாரோ கைதட்டி, பக்கத்தில் இருந்தவளிடம் அடி வாங்கினாள்.

என் பட்டியலில் எல்லாவற்றுக்கும் குறி போட்டாயிற்று. மதியப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பலகையின் கதவைச் சாத்தி, பூட்டத் திருப்புளியை எடுத்தபோது, பக்கத்தில் யாரோ நிற்பது தெரிந்தது.

சூசை அண்ணை. கையில் ஒரு கோப்பை பிளேன்ரீ, ஒரு துண்டுப் பனங்கட்டி.

இடைவேளை இல்லை. நான் கேட்கவும் இல்லை. போகிற நாள், பாசத்தில் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்து வாங்கிக்கொண்டேன். "ரொம்ப நன்றிங்கண்ணா" என்று அவருக்குத் தெரியும்படி வாயைத் திறந்து சொன்னேன். ஒரு வாய் குடித்தேன். அவர் போகவில்லை. பலகையையும் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே, எதுவுமே இல்லாத மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கோப்பையைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். பிறகு பலகையின் கதவைத் திறந்தேன். நான் கழற்ற மறந்த சிவப்பு வயர் உள்ளேயே இருந்தது.

அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, ஸ்விட்சை ஒருமுறை சோதித்து, கதவைப் பூட்டினேன். எனக்குக் காது சுட்டது.

"ஆறமுன்னம் குடியுங்கோ பிள்ளை" என்றார் சூசை அண்ணை, மணலைப் பார்த்தபடியே.